டாட் மண்டலா செட்: குச்சிகளுக்காகவே வாங்கலாம்

பிராண்டு எதுவானாலும், வண்ணப் புள்ளிகளை வட்ட வட்டமாக அடுக்கி வரையும் டாட் மண்டலா ஓவியத்துக்கான செட்டுக்குள் இருப்பவை ஏறக்குறைய ஒன்றேதான்: தட்டை முனை அக்ரிலிக் குச்சிகள், இரு பக்கமும் குண்டு முனை வைத்த உலோக டூல்கள், ஸ்டென்சில்கள், ஒரு சின்னக் கலர் தட்டு, இரண்டொரு பிரஷ். காசுக்குத் தகுந்தவை முதல் இரண்டு மட்டுமே.

பெரிய புள்ளி வைக்கும்போதுதான் குச்சியின் அருமை தெரியும். முனையை நேராகப் பெயிண்டில் முக்கி, குச்சி அழுந்தாமல் பெயிண்ட் மட்டும் பரப்பைத் தொடும்படி இறக்கி, நேராகவே தூக்கினால் பிசிறில்லாத வட்டம் விழும். சாய்த்துத் தூக்கினால் வட்டம் கோணிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் மறுபடி முக்க வேண்டும். குண்டு முனையில் அப்படியில்லை. ஒரே முக்கலில் பெரிய புள்ளியைச் சுற்றி வைத்துக்கொண்டே போனால், புள்ளிகள் தாமாகச் சிறுத்துக்கொண்டே வந்து வாலாக முடியும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத அழகு அது!

வாங்கியதும் குச்சி முனைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் வட்டம் அந்த இடத்தில் உடைந்து விழும். நுண்ணிய உப்புத்தாளை நனைத்துச் சமதளத்தில் வைத்துத் தேய்த்தால் சரியாகிவிடும்.

டூல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெயிண்டின் பதம் தவறினால் பயனில்லை. புள்ளியின் உச்சியில் கொம்பு நின்றால் பெயிண்ட் கெட்டி. ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். புள்ளி பரவி ஓடினால் நீர்த்துப்போயிற்று என்று பொருள். பாட்டிலைக் குலுக்க வேண்டாம், குமிழி உண்டாகி, காய்ந்ததும் புள்ளியில் ஊசித்துளை விழும்.

வானவில் வரைய இந்த செட் மிகவும் பொருத்தம். வெளி வளைவில் சிவப்பு, உள்ளே ஊதா என்பதால் பெரிய குச்சியைச் சிவப்புக்கு எடுத்துக்கொண்டு, உள்ளே போகப் போக அளவைக் குறைக்கலாம். ஆரஞ்சுக்கு மஞ்சளை முதலில் எடுத்து, அதில் சிவப்பைத் துளித்துளியாகச் சேருங்கள். சிவப்பில் மஞ்சளைக் கொட்டினால் எவ்வளவு கொட்டினாலும் நிறம் எளிதில் மாறாது. ஊதாவுக்கு மெஜந்தாவும் அல்ட்ராமரைன் நீலமும் வேண்டும். மஞ்சள் சாயல் உள்ள சிவப்போடு நீலம் சேர்ந்தால் பழுப்புதான் மிஞ்சும். கறுப்புப் பின்னணியில் நீலமும் ஊதாவும் அமுங்கிவிடும், கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும். மஞ்சளுக்கோ அது போதாது: அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து, நன்றாகக் காய்ந்தபின் அதன் மேல் மஞ்சளை வைத்தால்தான் பளிச்சென்று எழும். அக்ரிலிக் பெயிண்ட் காய்ந்தால் ஒரு சாயல் இருண்டுவிடும் என்பதால் எந்த நிறத்தையும் சற்று வெளிறியே கலப்பது நல்லது.

ஸ்டென்சிலை ஒதுக்கிவிடலாம், பெயிண்ட் அடியில் கசிந்து விளிம்பைக் கெடுக்கும். காம்பஸால் மெல்லிய பென்சில் வட்டங்கள் போட்டுக்கொண்டால் இடைவெளி பிசகாது.

குச்சியில் காய்ந்த பெயிண்ட், வெதுவெதுப்பான நீரில் ஊறினால் தோலாக உரிந்து வரும். நெயில் பாலிஷ் ரிமூவரை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் பட்டால் குச்சியின் அக்ரிலிக் பிளாஸ்டிக் மங்கி, முனையில் விரிசல் விடும்.