பில்லில் காணாமல் போன 5,797 ரூபாய்: கிராபிக்ஸ் கார்டு மாற்றுத் திட்டம், ஒரு வருட அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பன் போன வாரம் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான். கம்ப்யூட்டரில் வீடியோ எடிட்டிங்குக்குப் புதுக் கிராபிக்ஸ் கார்டு வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அதன் 8 ஜிபி மெமரி பத்தவில்லையாம். "ஏல, அந்தக் கம்பெனிக்காரன் பழசை வாங்கிட்டுப் பெரிய கார்டு குடுக்காம்லா, நீ கூட மாத்துனியே, அது பிரயோசனமால? நானும் போட்டுரட்டா?" என்று கேட்டான். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். போனில் சொன்னால் பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். பேச வேண்டியது திட்டத்தைப் பற்றி. கார்டு வாங்கிய 90 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல் மாடலுக்கு மாறிக்கொள்ளலாம், விலை வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்பதுதான் அதன் சுருக்கம்.

எனக்கு ஏன் தேவைப்பட்டது என்றால், 2017இலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டு போன வருடம் தை முகூர்த்த நேரத்தில் உயிரை விட்டது. கையில் கல்யாண வீடியோ வேலைகள் குவிந்து கிடந்தன, காத்திருக்க முடியாது. திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கடையில் இருந்த ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 8 ஜிபியை 38,000 ரூபாய்க்கு எடுத்தேன். நல்ல கார்டுதான். ஆனால் இரண்டு இடத்தில் இடித்தது. மண்டபத்து ராத்திரி ரிசப்ஷன், வெளிச்சம் குறைவு, கேமராவில் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் அளவை) ஏற்றி எடுத்த 4கே காட்சிகள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில், படத்தில் தெரியும் புள்ளிகளை நீக்க டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் ஜிபியு மெமரி (கார்டின் மெமரி) நிறைந்துவிட்டது என்று சொல்லி நின்றுவிடும். அடுத்தது, எங்கள் கேமராக்கள் 10 பிட் 4:2:2 எச்.265 என்ற, நிற விவரம் அதிகம் இருக்கிற வீடியோ வடிவத்தில் எடுக்கின்றன. அந்த வகைக் கோப்பை என்விடியா (இந்தக் கார்டுகளின் சிப்பைச் செய்யும் நிறுவனம்) வெளியிட்ட 4060 போன்ற 40 வரிசைக் கார்டுகளால் ஹார்டுவேரிலேயே பிரித்துப் படமாக ஓட்ட முடியாது. மொத்தப் பாரமும் ப்ராசசர் தலையில் விழும். டைம்லைன் இழுத்துக்கொண்டே ஓடும். எல்லாவற்றுக்கும் ப்ராக்ஸி (எடிட்டுக்கான தரம் குறைந்த நகல்) போட்டுவிட்டுத்தான் எடிட்டில் கை வைக்க முடியும்.

என்விடியாவின் ஜிபோர்ஸ் கார்டுகளில் 4:2:2ஐ ஹார்டுவேரிலேயே பிரிப்பது 50 வரிசையில்தான் வந்தது. அந்த வரிசையில் 16 ஜிபி கொண்ட 5060 டிஐ 2025 ஏப்ரல் 16ஆம் தேதி வெளியானது. என் 90 நாள் அப்போது முடிந்திருக்கவில்லை. திட்டம் எனக்காகவே போட்ட மாதிரி இருந்தது, அந்தக் கார்டுக்கே மாறினேன். என்விடியா சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் புதுத் தலைமுறையை இறக்குகிறது. ஆக, வாங்கிய மூன்று மாதத்துக்குள் உருப்படியான ஒரு புதுக் கார்டு வருவது எல்லோருக்கும் அமையாது. பெரும்பாலானவர்களுக்கு இந்தத் திட்டம் அதே தலைமுறையில் ஒரு படி மேலே போகத்தான் உதவும்.

கார்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்குத் துளியும் குறை இல்லை. ஒரு வருடமாகத் தினமும் ஓடுகிறது. மூன்று கேமராக் காட்சிகளை மல்டிகேமில் அடுக்கி, ப்ராக்ஸி இல்லாமல், அப்படியே வெட்டுகிறேன். இது என் வேலையையே மாற்றிவிட்டது. முன்பெல்லாம் கல்யாணம் முடிந்த ராத்திரி கார்டு ரீடரில் காட்சிகளை இறக்கி, ப்ராக்ஸி போட விட்டுவிட்டுப் படுக்க வேண்டும். நடுவில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் இறங்கிவிட்டால் காலையில் பாதிதான் முடிந்திருக்கும். இப்போது இறக்கிய உடனே உட்கார்ந்துவிடலாம். தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போகும்போது எந்த ஃபிரேமில் வெட்ட வேண்டும் என்பதை முழுத் தரத்தில், நிற்காமல் ஓடும் படத்தில் பார்த்து முடிவு செய்ய முடிகிறது. எடிட்டிங் செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டாலும் 16 ஜிபியில் இடம் மிச்சம் இருக்கிறது. மே மாதம் பாளையங்கோட்டையில் வெயில் நாற்பதைத் தொடும்போதுகூட, ஏசி இல்லாத என் எடிட்டிங் அறையில் கார்டின் விசிறிச் சத்தம் ஹெட்போனைத் தாண்டி வந்ததில்லை. 4060 டிஐ 160 வாட், இது 180 வாட். பழைய பவர் சப்ளையே போதுமானதாக இருந்தது.

(இன்டெல் ப்ராசசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற மாடல்களில் எச்.265 4:2:2ஐ அதுவே பிரித்துவிடும். அதற்காக மட்டும் கார்டு மாற்ற வேண்டாம். என்னுடையது ரைசன் 5700எக்ஸ், அதில் உள்ளே கிராபிக்ஸே கிடையாது.)

சரி, இப்போது அந்த 5,797 ரூபாய்.

விண்ணப்பம் போட்டபோது காட்டிய பக்கத்தில், பழைய கார்டின் பில் மதிப்பைப் புதுக் கார்டின் விலையில் கழித்துக்கொள்வோம் என்று இருந்தது. பில் 38,000. கம்பெனியின் பட்டியல் விலை 56,000. ஆக 18,000 கட்டினால் போதும் என்று யாரும் நினைப்பார்கள். கார்டைப் பெட்டி, பில், உள்ளே வந்த அட்டை எல்லாவற்றோடும் சென்னைக்கு அனுப்பிய பிறகு மெயில் வந்தது. பழைய கார்டின் மதிப்பு 32,203, நீங்கள் கட்ட வேண்டியது 23,797 என்று. 38,000இல் 18 சதவீத ஜிஎஸ்டியைப் பிரித்தால் 5,797 வருகிறது. அதைத்தான் எடுத்திருந்தார்கள். புதுக் கார்டின் 56,000இல் வரி சேர்ந்தே இருக்கிறது. அதாவது என்னிடமிருந்து வாங்கும்போது வரி இல்லாத விலை, எனக்குக் கொடுக்கும்போது வரியோடு விலை.

பழைய நகையைப் போட்டுப் புது நகை எடுக்கும்போதும் இப்படித்தான். பழசுக்குத் தங்கத்தின் எடை மட்டும், புதுசுக்குச் செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் உண்டு. ஆனால் அங்கே தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிடுவார்கள். ஒத்துவரவில்லையென்றால் நகையை எடுத்துக்கொண்டு எழுந்து வரலாம். என் கார்டோ சென்னையில் அவர்கள் கையில் இருந்தது, இங்கே கல்யாண வேலை நின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் சொன்னது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

போன் செய்து கேட்டேன். கணக்குப் பிரிவில் பேசியவர் பொறுமையாகத்தான் விளக்கினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதையும் எழுத வேண்டும். மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 27ஆம் விதி இதைப் பற்றியது. அதில் ஒரு உதாரணமே கொடுத்திருக்கிறார்கள்: பழைய போனை வாங்கிக்கொண்டு புதுப் போனை 20,000க்குக் கொடுத்தாலும், பழசு இல்லாமல் வாங்கினால் அதன் விலை 24,000 என்றால், வரிக்கான மதிப்பு 24,000தான். எனவே புதுக் கார்டின் முழு மதிப்புக்கும் கம்பெனி வரி கட்டியாக வேண்டும். என்னைப் போல ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஆளிடமிருந்து பழைய கார்டை வாங்கும்போது, நான் கடையில் கட்டிய வரி அவர்களுக்கு வரவாகத் திரும்பக் கிடைக்காது. அதனால் அவர்கள் கணக்கில் என் கார்டின் மதிப்பு வரி நீங்கலாகத்தான்.

கணக்கு சரி. ஆனால் என் வரியைக் கழித்துத்தான் ஆக வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. பழைய கார்டுக்கு என்ன மதிப்புப் போடுவது என்பது கம்பெனி எடுக்கிற முடிவு. அந்த முடிவை முதல் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதியிருக்கலாம்.

ஜிஎஸ்டி பதிவு உள்ள ஸ்டுடியோக்களுக்கு இந்தக் குறை பொருந்தாது. சேவைத் தொழிலில் வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறவர்கள் பதிவு செய்திருப்பார்கள். கார்டு வாங்கும்போதே அந்த 5,797ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்திருப்பார்கள். அவர்களுக்குக் கார்டின் அடக்க விலையே 32,203தான், எதுவும் குறையவில்லை. ஆனால் கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது தங்கள் பக்கத்திலிருந்து ஒரு பில் போட வேண்டி வரும். ஆடிட்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து, பட்டியல் விலை என்கிற சங்கதி. கம்பெனி 56,000 என்று போட்டிருந்த அதே கார்டு, அதே வாரம் வண்ணார்பேட்டையில் 50,000க்குக் கிடைத்தது. வித்தியாசம் கட்டும் எல்லாத் திட்டத்துக்கும் உயிர்நாடி இந்த இடம்தான். அமெரிக்காவில் இவிஜிஏ என்ற கார்டு கம்பெனி பல வருடம் நடத்திய ஸ்டெப்-அப் திட்டத்தை எல்லோரும் புகழ்வதற்குக் காரணமும் இதுதான். அங்கேயும் 90 நாள் கெடுதான். 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080ஐ 699 டாலர் என்று அறிவித்தார்கள். கிரிப்டோ மைனிங்கும் (கார்டுகளை ராப்பகலாக ஓட்டி டிஜிட்டல் காசு எடுப்பது) தட்டுப்பாடும் சேர்ந்து வெளிச்சந்தையில் அது இரண்டு மடங்குக்கு மேல் போனது. அந்த நேரத்தில் கம்பெனி விலைக்கே வித்தியாசம் கட்டி மாறியவர்களுக்கு அது உண்மையிலேயே பெரிய லாபம். வரிசையில் மாதக்கணக்கில் நின்றார்கள், இருந்தாலும் நின்றதற்குப் பலன் இருந்தது. 2022 செப்டம்பரில் இவிஜிஏ கிராபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டுவிட்டது, அதோடு அந்தக் காலம் முடிந்தது. சந்தை விலை பட்டியல் விலைக்கு மேலே இருந்தால் திட்டம் வாங்குபவருக்கு லாபம். கீழே இருந்தால் கம்பெனிக்கு லாபம். எனக்குக் கீழே இருந்தது.

நடுவில் கார்டு இல்லாமல் இருந்த நாட்களையும் சொல்ல வேண்டும். ஈஸ்டர் முடிந்து பாளையில் சர்ச் கல்யாணங்கள் வரிசையாக வரும் நேரம், கூடவே வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. என் ப்ராசசரில் கிராபிக்ஸ் இல்லாததால் கார்டைக் கழற்றினால் மானிட்டரில் படமே வராது. கடை அண்ணாச்சிதான் காப்பாற்றினார். அவரிடம் கிடந்த பழைய 1050 டிஐ ஒன்றைத் துடைத்துக் கையில் கொடுத்து, "வேல முடிஞ்ச பொறவு கொண்டாங்க தம்பி, இதுக்கெல்லாம் வாடகையா?" என்றார். அதை வைத்து ஆல்பம் டிசைன் மட்டும் செய்ய முடிந்தது. வீடியோ வேலை எல்லாம் தேங்கியது. மேலப்பாளையத்தில் ஒரு நிக்காஹ் வீட்டாருக்குச் சொன்ன தேதியில் கொடுக்க முடியாமல் நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தேன். கம்பெனிக்கு நம் ஊரில் சர்வீஸ் சென்டர் இருந்தால் ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கலாம். சென்னைக்குப் போய், சோதித்து, பணம் கட்டி, புதுசு வருவதற்குள் ஒரு சின்ன ஸ்டுடியோ தள்ளாடிவிடும்.

மொத்தக் கணக்கு இது. கட்டியது 23,797, கூரியரும் இன்சூரன்சுமாக 900, ஆகச் சுமார் 24,700. திட்டத்துக்குப் போகாமல் இருந்திருந்தால், பழைய கார்டுக்கு அண்ணாச்சி 28,000 தருவதாகச் சொன்னார். அதோடு 22,000 போட்டுப் புதுசை எடுத்திருக்கலாம். வித்தியாசம் 2,700 ரூபாய். வரியைக் கழிக்காமல் இருந்திருந்தால் எனக்கு 3,100 மிச்சமாகியிருக்கும். புதுக் கார்டுக்குப் புது பில், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருட வாரண்டி எல்லாம் ஒழுங்காகக் கிடைத்தது. வந்ததும் சீல் பிரிக்காத கார்டு, யாரோ திருப்பிக் கொடுத்த பழசு இல்லை. வெளியே விற்க ஆள் தேடி, "மைனிங் ஓட்டுன கார்டால இது?" என்று கேட்பவர்களிடம் பேரம் பேசும் தொல்லையும் இல்லை. இத்தனைக்கும் 2,700 ரூபாய் பெரிய தொகை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இன்றைக்கு நண்பனின் நிலைமை என்னுடையதைவிட நன்றாகவே இருக்கிறது. 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலை ஏறிவிட்டது. 16 ஜிபி கார்டுகளைக் கடையில் விசாரித்தால் போன வருட விலை சொல்வதில்லை. கம்பெனி பட்டியல் விலையை இன்னும் ஏற்றாமல் வைத்திருந்தால், அவன் கணக்கில் திட்டமே மலிவாக முடியலாம்.

ஆனாலும் அவனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "கார்டை எடுத்துக்கிட்டு நேரா வண்ணார்பேட்டைக்கு வால, அண்ணாச்சி என்ன வெல சொல்லுதாரோ அதுக்குக் குடுத்துட்டுப் புதுசை வாங்கிட்டுப் போ" என்றேன். அதில் அவனுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கூடப் போகலாம், போகட்டும். பொருள் தங்கள் கைக்கு வந்த பிறகு கணக்கை மாற்றிச் சொல்கிற ஆளிடம் என் நண்பனை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கார்டு அருமையானது, அதை யார் கேட்டாலும் வாங்கச் சொல்வேன். திட்டத்தை, அந்த முதல் பக்கத்தில் வரி கழிக்கப்படும் என்று எழுதுகிற வரைக்கும், சொல்ல மாட்டேன்.