பாதத்தை அளந்து காலணி சொல்லும் சேவை: ஒரு மதிப்பீடு

ஓட்டக் காலணி விற்கும் பெரிய கடைகள் பலவற்றில் இப்போது பாதப் பரிசோதனையும் சேர்ந்தே கிடைக்கிறது. கண்ணாடித் தட்டின் மேல் வெறுங்காலுடன் ஏறி நின்றால், பாதத்தின் எந்தப் பகுதி எவ்வளவு அழுந்துகிறது என்பது சிவப்பும் நீலமுமாகத் திரையில் விரிகிறது. பிறகு டிரெட்மில்லில் ஓரிரு நிமிடம் ஓடச் சொல்லி, கணுக்கால் உட்புறம் சாய்வதைப் பின்னாலிருந்து படம் பிடித்து, வேகத்தைக் குறைத்துப் போட்டுக் காட்டுகிறார்கள். சென்ற மாதம் நானும் அப்படியொரு தட்டின் மேல் நின்றேன். என் பாதம் தட்டையானது என்றும், சாய்வைத் தடுக்கும் கெட்டியான காலணி அணியாவிட்டால் முழங்காலில் காயம் வரும் என்றும் கடைப் பணியாளர் சொன்னார். அவருடைய அக்கறையில் எனக்கு ஐயமில்லை. 'வரும்' என்று அவர் அடித்துச் சொன்னதில்தான் ஐயம்.

அந்த ஐயத்துக்குக் காரணம், ஜோசப் நாபிக் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வாளரின் கட்டுரைகளை நான் முன்பே படித்திருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நாட்டிக்கில் உள்ள ராணுவச் சூழல் மருத்துவ ஆய்வு நிறுவனத்திலும், பின்னர் மேரிலாந்தின் அபர்டீனிலும் பணியாற்றிய அவர், வீரர்கள் எவ்வளவு சுமை தூக்கலாம், எதனால் காயமடைகிறார்கள், அதை எப்படிக் குறைக்கலாம் என்ற கேள்விகளிலேயே பல பத்தாண்டுகளைச் செலவிட்டவர். நடையால் வரும் காயம் ராணுவத்துக்குப் பழைய தலைவலி. 1855இலேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் நெடுநடைக்குப் பின் வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அது எலும்பில் விழும் விரிசல் என்பது எக்ஸ் கதிர் வந்த பிறகுதான் புலப்பட்டது. பயிற்சி முகாமில் எல்லோரும் ஒரே அட்டவணைப்படி ஓடுகிறார்கள், ஒரே உணவை உண்கிறார்கள், காயம்பட்டு மருத்துவரிடம் போனால் அது ஏட்டில் ஏறிவிடுகிறது. காலணியைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது.

நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் டிரம் முகாமில், பாத வடிவத்துக்கேற்பக் காலணி பரிந்துரைக்கும் திட்டம் தொடங்கியபோது, முன்பும் பின்பும் எண்ணிப் பார்த்ததில் காயங்கள் குறைந்ததாகவே தோன்றியது. அங்கேயே நிறுத்தியிருந்தால் கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும். ஆனால், அதே காலத்தில் வேறு எது மாறியிருந்தாலும் அந்தப் பெருமையும் காலணிக்கே போய்விடும் அல்லவா? ஆகவே நாபிக்கின் குழு அடுத்த கட்டமாகப் புதிதாகச் சேர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியினரில் தட்டைப் பாதத்துக்குச் சாய்வைக் கட்டுப்படுத்தும் காலணி, பாதத்தின் உள்வளைவு நடுத்தரமாக இருந்தால் நிலைத்தன்மை தரும் காலணி, உயர்ந்த வளைவுக்கு மெத்தென்ற காலணி என்று கடை வழக்கப்படியே கொடுத்தார்கள். மறு பாதியினருக்குப் பாதம் எப்படியிருந்தாலும் நிலைத்தன்மைக் காலணிதான். ஃபோர்ட் ஜாக்சனில் தரைப்படையிலும், லாக்லேண்டில் விமானப்படையிலும், சான் டியேகோவிலும் தென் கரோலினாவின் பாரிஸ் தீவிலும் மரீன் படையிலும் ஆயிரக்கணக்கானோரிடம் இது நடந்து, 2009, 2010 ஆண்டுகளில் முடிவுகள் வெளியாயின. மூன்று படைகளிலும், பாதம் பார்த்துக் கொடுத்த காலணி காயத்தைச் சொல்லும்படியாகக் குறைக்கவில்லை.

என்னை அளந்த அந்தத் தட்டு எதைப் பார்த்தது என்று யோசித்தால் இதில் வியப்பில்லை. அசையாமல் நிற்கும் பாதத்தின் தடத்தை அது பார்த்தது. நான் வாரத்துக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறேன், அண்மையில் அதை எவ்வளவு கூட்டினேன், முன்பு எங்கே அடிபட்டது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ராணுவ ஆய்வுகளில் காயத்தோடு மீண்டும் மீண்டும் சேர்ந்து வருபவை ஓடும் தூரம், சேரும்போதே இருக்கும் குறைந்த உடல்திறன், புகைப்பழக்கம் போன்றவைதாம். இவற்றைக் கேட்க இரண்டு நிமிடமும் ஒரு தாளும் போதும். வண்ணப்படம் தரும் மயக்கத்தை அந்தத் தாள் தராது என்பது வேறு விஷயம்.

சேவையில் பாராட்டத் தக்க பகுதியும் உண்டு. இரு பாதங்களின் நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே அளந்தார்கள். என் வலக்கால் சற்றுப் பெரிது என்பது இத்தனை வயதுக்குப் பிறகு அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஓடும்போது அணியும் அதே காலுறையோடு போட்டுப் பார்க்கச் சொன்னதும் சரியான வழக்கம். பொருந்தாத காலணி உரசினால் கொப்புளம் நிச்சயம். கொப்புளத்தையும் நாபிக் விட்டுவைக்கவில்லை: 1998இல் வெளியான ஆய்வில், வியர்வையைத் தடுக்கும் அலுமினியம் குளோரைடு கரைசலை நடைக்கு முந்தைய இரவுகளில் பாதத்தில் தடவிக்கொண்டு 21 கிலோமீட்டர் நடந்த, அதிகாரிகளாகப் பயிற்சி பெறும் மாணவர்களில் 21 சதவீதத்தினருக்கும், மருந்தில்லாத வெற்றுக் கரைசல் தடவியவர்களில் 48 சதவீதத்தினருக்கும் கொப்புளம் வந்தது. ஆனால் மருந்து தடவியவர்களில் 57 சதவீதத்தினருக்குத் தோல் எரிச்சலும் ஏற்பட்டது; மற்றவர்களில் அது 6 சதவீதம்தான். பயனையும் தொல்லையையும் அருகருகே வைத்துச் சொல்லும் இந்தப் பழக்கம் கடைத் திரையிலும் இருந்திருந்தால் நான் இந்த மதிப்பீட்டையே எழுதியிருக்க மாட்டேன்.

இந்தக் காலணி ஆய்வுகளை எல்லாவற்றுக்கும் நீட்டிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அவை 6 முதல் 12 வாரப் பயிற்சியில் இருந்த இளைஞர்களைப் பற்றியவை. ஏற்கெனவே வலியோடு இருப்பவருக்கு மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ பார்த்துச் சொல்லும் காலணி வேறு கணக்கு; ஆனால் வலியே இல்லாதவரிடம் முழங்காலைக் காட்டி அச்சுறுத்தி விற்பதற்கு இந்தத் தட்டு ஆதாரமாகாது.

அளவெடுத்ததற்கு ஐந்துக்கு நான்கு, பரிந்துரைக்கு ஒன்று என்பது என் கணக்கு. அவர்கள் நீட்டிய கெட்டியான இணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வலக்காலின் அளவுக்குப் பொருந்தி, கடைக்குள் பத்து நிமிடம் நடந்தும் எங்கும் உரசாத சாதாரணக் காலணி ஒன்றை வாங்கி வந்தேன்.