பத்து நிமிடத்துக்குள் ஒரு பருவம்: ரொறொன்ரோ லீவ்ஸ் அணியின் ஹைலைற்ஸ் தொகுப்புகள் பற்றி

கனடாவின் ஐஸ் ஹொக்கி அணியான ரொறொன்ரோ மேப்பிள் லீவ்ஸின் 2024–25 பருவத்தை வன்னியில் இருந்துகொண்டு பின்தொடர விரும்புபவருக்குக் கைக்கெட்டும் எளிய வழி, வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக் தனது யூரியூப் அலைவரிசையில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கட்டணமின்றி வெளியிடும் ஹைலைற்ஸ் தொகுப்புத்தான். வழக்கமான பருவத்தில் 82 ஆட்டங்கள், அதன் பின் கிண்ணத்துக்கான பிளேஓவ் சுற்றுகளில் 13 ஆட்டங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிடங்களுக்குள் அடக்கப்பட்டிருக்கும். பருவம் முடிந்த பின்னும் அவற்றைத் தேடி எடுத்துப் பார்க்கலாம் என்பதால், பார்ப்பது பயனுள்ளதா, பார்த்தால் அதில் எவ்வளவை நம்பலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுத முயல்கிறேன்.

வன்னியில் ஐஸ் ஹொக்கிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், தங்கள் தொலைபேசியில் உள்ள வட்ஸ்அப் பெயர்ப்பட்டியலை ஒரு தடவை பார்த்தால் போதும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ, ரொறொன்ரோ பகுதியின் ஸ்காபுறோவிலும் மார்க்கத்திலும் உறவினர் எவரும் இல்லாத குடும்பங்கள் குறைவு. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு நம் கிரிக்கெட்டில் ஆர்வம் இல்லை. "மாமா, மத்தியூஸ் போட்ட கோல் பார்த்தீங்களா?" என்று மருமகன் குரல்பதிவு அனுப்பினால், பதில் சொல்லவாவது ஏதாவது பார்த்திருக்க வேண்டும். அந்தத் தேவைக்கு இந்தத் தொகுப்புகள் தாராளமாகப் போதும். அதற்கு மேல் ஆசைப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் நேரத்தையும் இணையத்தையும் பார்த்துவிடலாம். ரொறொன்ரோவில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை ஐந்தரைக்கு வரும். மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை முன்தள்ளிய பின் அது நாலரையாகிவிடும். ஆட்டம் முடிய இரண்டரை மணிநேரம் வரை செல்லும் என்பதால், தொகுப்பு வெளியாகும்போது இங்கே பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் நேரம் வந்துவிடும் அல்லது கடந்துவிடும், இரவுநேர டேட்டாவும் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகையால் மறுநாள் அதிகாலையில் பார்ப்பதே சிக்கனம். முடிவை முன்கூட்டி அறிய விரும்பாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பிளேஓவ் தொகுப்புகளின் தலைப்பில் அணிகளின் பெயரும் திகதியும் இருக்கும், கோல் கணக்கு இருக்காது. அந்தத் திகதி வட அமெரிக்கத் திகதி என்பதையும், மாதம் முன்னும் நாள் பின்னுமாக எழுதப்படும் என்பதையும் மனத்தில் வைத்துத் தேட வேண்டும்.

படத்தின் தரத்தை 480க்குக் கீழே இறக்க வேண்டாம். டேட்டாவை மிச்சம் பிடிக்க 144இல் வைத்தால் பக் எனப்படும் றப்பர் வட்டு திரையிலிருந்தே மறைந்துவிடும். ஓர் அங்குலத் தடிப்பும் மூன்று அங்குல விட்டமும் கொண்ட அந்தக் கறுப்பு வட்டு வெள்ளைப் பனித்தளத்தில் பறக்கும் வேகத்துக்கு அந்தத் தரம் ஈடுகொடுக்காது. வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டுதான் கோல் விழுந்துவிட்டது என்று அறிய வேண்டியிருக்கும். இது நமக்கு மட்டுமான குறை அல்ல. 1996இல் ஃபொக்ஸ் தொலைக்காட்சி வட்டுக்குள்ளேயே மின்னணுக் கருவியைப் பொருத்தி, திரையில் அதைச் சுற்றி நீல ஒளி காட்டிப் பார்த்தது. ஹொக்கியில் ஊறிய ரசிகர்கள் அதைக் கேலி செய்தார்கள். 1998உடன் அது கைவிடப்பட்டது.

இனிப் பருவத்துக்கு வருவோம். 2024 மே மாதத்தில் கிரேக் பெரூபி லீவ்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார். 2019இல் சென் லூயிஸ் அணிக்கு லீக்கின் வாகையருக்கான ஸ்ரான்லிக் கிண்ணத்தை வென்று கொடுத்தவர் அவர். ஓகஸ்ற்றில் ஜோன் ரவாரஸிடமிருந்து அணித்தலைமை ஓஸ்ரன் மத்தியூஸிடம் சென்றது. அணி 52 ஆட்டங்களை வென்று, 26இல் தோற்று, வழக்கமான நேரத்துக்குப் பின் தோற்ற 4 ஆட்டங்களுக்கும் ஒவ்வொரு புள்ளி பெற்று, 108 புள்ளிகளோடு அத்திலாந்திக் பிரிவில் முதலிடம் பிடித்தது. முந்திய பருவத்தில் 69 கோல்கள் போட்ட மத்தியூஸ் இம்முறை 67 ஆட்டங்களில் 33 கோல்களோடு நின்றார். வில்லியம் நைலாண்டர் 45, ரவாரஸ் 38. மிச் மார்னர், தான் போட்ட 27 கோல்களும் பிறருக்கு அமைத்துக் கொடுத்த 75 கோல்களுமாக 102 புள்ளிகள் பெற்று முதல் தடவையாக நூறைக் கடந்தார்.

தொகுப்புகளை மட்டும் பார்த்தால் இந்தப் பெயர்கள்தான் பருவம் முழுவதும். ஆனால் அந்த 108 புள்ளிகளின் அத்திவாரம் வேறு இடத்தில் இருந்தது. புளோரிடா அணியில் மாற்றுக் கோல்காப்பாளராக இருந்து 2024இல் கிண்ணத்தையும் பெற்ற அந்தனி ஸ்ரோலாஸ் அந்தக் கோடையில் ரொறொன்ரோவுக்கு வந்து, தான் விளையாடிய 34 ஆட்டங்களில், எதிர்கொண்ட அடிகளில் 92.6 சதவீதத்தைத் தடுத்து லீக்கிலேயே முன்னணியில் நின்றார். அதே கோடையில் வந்த தற்காப்பாளர் கிறிஸ் ரனெவ், எதிரணி அடிக்கும் வட்டுக்கு முன்னால் தன் உடலைக் கிடத்தி மறிப்பதையே தொழிலாகக் கொண்டவர். பெரூபியின் திட்டமும் அழகுக்கு இடம் கொடுக்காதது: நடுக்கோட்டைத் தாண்டியதும் வட்டை எதிரணியின் மூலைக்குள் அடித்துவிட்டு, இரண்டு பேர் விரைந்து சென்று அங்கேயே மல்லுக்கட்டி அதை மீட்டெடுக்க வேண்டும். இவற்றில் எதுவும் ஹைலைற்ஸில் பெரிதாக வராது. மறிக்கப்பட்ட அடி, கோல் அல்ல; மூலையில் நடந்த இழுபறி, கண்ணுக்கு விருந்தும் அல்ல.

இங்கேதான் இந்தச் சேவையின் அடிப்படைக் குறை இருக்கிறது. கோல் காட்சி ஒன்றை எடுத்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தாக்கும் அணி எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைத் தாண்டும் வேளையில் காட்சி தொடங்குகிறது. சில விநாடிகளில் ஒரு பாஸ், ஓர் அடி, விளக்கு. வீரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு, தமது ஆசனவரிசையைக் கடந்து சறுக்கியபடி சகவீரர்களின் கையுறைகளைத் தட்டிச் செல்கிறார்கள். பின்னர் அதே கோல் வேறு வேறு கோணங்களில் மெதுவாக ஓடுகிறது. கோலைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டதைப் போலத் தோன்றும். ஆனால் தற்காத்த அணியின் ஐவர் ஏன் அந்த நேரத்தில் களைத்து நின்றார்கள் என்பது அந்தக் காட்சி தொடங்குமுன்னரே முடிவாகிவிட்ட விடயம். இந்த விளையாட்டில் ஒரு வீரர் ஏறத்தாழ 45 விநாடிகள் முழுமூச்சில் விளையாடிவிட்டு, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியேறி, அடுத்தவரை உள்ளே விட வேண்டும். வட்டைத் தமது பகுதியிலிருந்து வெளியே அனுப்ப முடியாத அணிக்கு ஆள்மாற்ற வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஒன்றரை நிமிடம் சிக்கிக்கொண்ட கால்கள் தவறுவதைத்தான் நாம் கோலாகக் காண்கிறோம். சூடடித்த நெற்குவியலை மட்டும் படம்பிடித்துக் காட்டிவிட்டு, இதுதான் காலபோகம் என்று சொல்வதைப் போன்றது இது.

முதற்சுற்றில் இக்குறை அவ்வளவாக உறுத்தவில்லை. நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணி முன்னேறும் இச்சுற்றில், ஒட்டாவா செனற்றர்ஸுக்கு எதிராக லீவ்ஸ் முதல் மூன்று ஆட்டங்களை வென்றது. அவற்றில் இரண்டு மேலதிக நேரத்தில். பின்னர் இரண்டைத் தோற்று, பழைய அச்சம் ரசிகர்களைப் பிடித்துக்கொண்ட வேளையில், ஆறாவது ஆட்டத்தின் கடைசி ஆறு நிமிடங்களுக்குள் மக்ஸ் பச்சரெற்றி போட்ட கோலால் முன்னேறி 4–2 என முடித்தது. அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 2018, 2019, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் எல்லாம் ஏழாவது ஆட்டத்தில் தோற்று முதற்சுற்றிலேயே வெளியேறிய அணி இது. கடைசியாகக் கிண்ணத்தை வென்றது 1967இல். இந்த ஆறாவது ஆட்டத்தின் தொகுப்பு முழுப் பருவத்திலும் மிகச் சிறப்பாக வந்த தொகுப்புகளில் ஒன்று. கோல்களே கதையாக அமைந்த ஆட்டம் அது.

புளோரிடா பந்தர்ஸுக்கு எதிரான இரண்டாவது சுற்றோ, தொகுப்புகளை மட்டும் நம்பியவருக்குப் புரியாத புதிராகவே முடிந்திருக்கும். முதல் ஆட்டத்தில் முதல் நிமிடத்திலேயே நைலாண்டர் கோல் போட்டார், 5–4 வெற்றி. இரண்டாவது 4–3. மூன்றாவது ஆட்டத்தில் 3–1 என முன்னிலை வகித்த பின், மேலதிக நேரத்தில் பிராட் மார்ஷான்ட் அடித்த வட்டு லீவ்ஸ் வீரர் மோர்கன் ரைலியின் மேல் பட்டுத் திசைமாறி உள்ளே போக, 5–4 எனத் தோற்றது. அதிர்ஷ்டம் கைவிட்டது என்று எண்ணியபடி அடுத்தவற்றைத் திறந்தால், நான்காவது ஆட்டத்தில் 2–0 தோல்வி. ஐந்தாவதில் சொந்த அரங்கிலேயே 6–1. ஒரே வாரத்துக்குள் ஓர் அணி எப்படி இவ்வளவு சுருங்கிப்போனது?

தொகுப்பில் விடை இல்லை. இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதல் ஆட்டத்தின் மூன்று கட்டங்களில் இரண்டாவதில் புளோரிடா வீரர் சாம் பெனெற்றின் முழங்கை தலையில் பட்டு ஸ்ரோலாஸ் வெளியேற, எஞ்சிய சுமை மற்றக் கோல்காப்பாளர் ஜோசப் வோலின் தோளில் விழுந்தது. ஆனாலும் தோல்வியை வோலின் மேல் சுமத்துவது அநியாயம். பெருங்காரணம் புளோரிடாவின் துரத்தல். லீவ்ஸ் தற்காப்பாளர் தமது வலைக்குப் பின்னால் வட்டை எடுக்கத் திரும்பும்போதே ஒருவர் அவரைச் சுவரோடு நெருக்குவார். அவர் சுவரோரமாகத் தள்ளிவிடும் வட்டுக்காக மற்றவர்கள் நீலக்கோட்டருகே முன்கூட்டியே காத்திருப்பார்கள். வட்டு மீண்டும் உள்ளே வரும். இது திரும்பத் திரும்ப நடக்கும், கோல் எதுவும் விழாமலே. சிறப்பாட்டக்காரர் நால்வருக்கும் வட்டே கிடைக்காமல் போனதன் காரணம் இந்தச் சலிப்பூட்டும் நிமிடங்களில்தான் இருக்கிறது, தொகுப்பாளர் முதலில் வெட்டி எறிவதும் இவற்றைத்தான்.

ஆறாவது ஆட்டத்தில் வோல் ஒரு கோலையும் விடாமல் தடுக்க, மத்தியூஸும் பச்சரெற்றியும் கோல் போட்டு 2–0 என வென்றார்கள். ஏழாவது ஆட்டம் ரொறொன்ரோவில் மே 18 மாலை நடந்தது. அன்று பகல் இங்கே முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குச் சென்று திரும்பியவர்கள் பலர்; அங்கேயும் நம்மவர்களுக்கு அது வெறும் ஞாயிற்றுக்கிழமை அல்ல. ஆட்டம் தொடங்கியபோது நமக்கு 19ஆம் திகதி விடியல் ஆகிவிட்டது. அதன் தொகுப்பில் கோல் விழாத முதற்கட்டம் விரைவாகக் கடந்துபோகும். உண்மையில் லீவ்ஸ் நன்றாக ஆடியது அந்த இருபது நிமிடங்களில்தான். இரண்டாம் கட்டத்தில் புளோரிடா மூன்று கோல்கள்; மூன்றாவதன் தொடக்கத்தில் மக்ஸ் டோமி ஒன்றைத் திருப்பினார்; ஆரவாரம் அடங்க முன், ஒரு நிமிடத்துக்குள் புளோரிடா மறுபடியும் போட்டது. முடிவு 6–1. பின்னர் அதே புளோரிடா எட்மன்ரன் அணியை வென்று கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டது என்பது ஓரளவு ஆறுதல்.

இக்குறைக்கு என்னிடம் உள்ள பரிகாரம் பழைய காலத்தது: வானொலி வர்ணனை. லீக்கின் செயலியில் ஆட்டங்களை நேரலையாகக் கேட்கலாம். படத்துக்குத் தேவைப்படும் டேட்டாவில் சிறு பங்குதான் செலவாகும். லீவ்ஸ் ஆட்டங்களை 1982 முதல் வர்ணித்த ஜோ போவன்தான் அந்தப் பருவத்தில் அணியின் வானொலிக் குரல். வட்டு எந்த மூலையில், யாரிடம், யார் துரத்துகிறார், இன்னும் வெளியே வரவில்லையா என்பதை அவர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போவார். அந்த வேக ஆங்கிலம் பிடிபடச் சிறிது காலம் எடுக்கும். ஆனால் பொருளாதாரத் தடைக் காலத்தில், மின்சாரமும் பற்றரியும் இல்லாமல், கவிழ்த்து வைத்த சைக்கிளின் மிதியை ஒருவர் சுற்ற, டைனமோவில் வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்குப் படம் இல்லை என்பது ஒரு குறையாக இருக்காது. காலையில் வர்ணனை கேட்டுவிட்டு மறுநாள் தொகுப்பைப் பார்த்தால், பத்து நிமிடங்களுக்குள் வெட்டப்பட்ட பகுதிகள் எவை என்பது தானாகவே புலப்படும்.

ஆகவே தொகுப்புகளை எல்லாம் வரிசையாகப் பார்க்கச் சொல்லமாட்டேன். வழக்கமான பருவத்தில் நைலாண்டர், மார்னர் ஆகியோரின் திறமைக்காகச் சிலவற்றைப் பார்க்கலாம். ஒட்டாவாவுடனான ஆறாவதைத் தவறவிட வேண்டாம். புளோரிடாவுடனான ஐந்தாவதைப் பார்ப்பதாயின், கோல்களை விட்டுவிட்டு ஒவ்வொரு கோலுக்கும் முன்னால் லீவ்ஸ் தற்காப்பாளர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். இன்னொன்று, மார்னரின் ஆட்டத்துக்காக இந்தப் பக்கம் வருபவர்கள் கவனிக்க: 2025 கோடையில் நிக்கொலா ருவா என்ற வீரரை மாற்றாகப் பெற்றுக்கொண்டு லீவ்ஸ் மார்னரை வேகஸ் அணிக்கு விட்டுக்கொடுத்துவிட்டது. அடுத்த பருவத்தின் தொகுப்புகளில் அவரை வேகஸ் கோல்டன் நைற்ஸ் என்ற பெயரில் தேட வேண்டும். அந்த அணியின் சொந்த அரங்கு ஆட்டங்கள் பெரும்பாலும் நமக்குக் காலை எட்டு மணியளவில்தான் தொடங்கும்.