ஏழு சென்ட்டுல வீடு கட்ட செல்ஃப் சர்டிபிகேட்டா, சாதாரண அப்ளிகேஷனா? குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு ஒரு ஒப்பீடு

தக்கலை பக்கம் எங்க பழைய ஓட்டு வீட்ட இடிச்சிட்டு அந்த இடத்துல புதுசா கட்டணும்னு முடிவு பண்ணினதுலேந்து பாக்குறவங்க எல்லாரும் ஒரே பேச்சு, "இப்பதான் செல்ஃப் சர்டிபிகேட்னு வந்திருக்கே, ஆன்லைன்ல போட்டா கட்டட அனுமதி உடனே கெடைக்கும், நீ எதுக்கு அலையுத?"ன்னு. நானும் அத நம்பித்தான் ஆரம்பிச்சேன். உள்ள போய்ப் பாத்த பிறகுதான் தெரிஞ்சது, நம்ம ஊர்ல பாதிப்பேருக்கு அந்த வழி பொருந்தாது, பொருந்துறவங்கள்லயும் சிலபேருக்கு அது ஆபத்து.

பிளான் விதிப்படிதான் இருக்குன்னு நாமளே உறுதி குடுத்து வீடு கட்ட அனுமதி வாங்குறதுதான் செல்ஃப் சர்டிபிகேட், 2024 ஜூலைல தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. நிலம் 2,500 சதுர அடிக்குள்ள, கட்டுற வீடு 3,500 சதுர அடிக்குள்ள, தரைத்தளமோ அல்லது அதுக்கு மேல ஒரு மாடியோ, அப்ப வச்ச கணக்கு இவ்வளவுதான். அரசோட சிங்கிள் விண்டோ போர்ட்டல்ல (இணையதளத்துல) பிளானும் பத்திரமும் ஏத்தி பணம் கட்டினா அனுமதிய அங்கேயே டவுன்லோடு பண்ணிக்கலாம், முன்கூட்டி ஆள் வந்து இடத்தப் பாக்குறது கெடையாது, பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்புக் கட்டணமும் தள்ளுபடி, வீடு முடிஞ்ச பிறகு பணி நிறைவுச் சான்றிதழுக்கும் ஓட வேண்டாம். கேக்கவே நல்லாருக்குல்லா.

ஆனா அந்த 2,500 எங்கேந்து வருதுன்னு பாருங்க. சென்னையில ஒரு கிரவுண்டுன்னா 2,400 சதுர அடி, அந்த ஊருக்கு அளவு சரியா அமையும். நமக்கு கணக்கு சென்ட்டுல. ஒரு சென்ட்டு 435.6 சதுர அடி, அப்ப 2,500ங்கிறது அஞ்சே முக்கால் சென்ட்டுக்குள்ளயே முடிஞ்சிரும். நாம வீடு கட்டுறதே ஒரு விளையில, சுத்தி நாலு தென்னை, ஒரு பலா, கெணறு, பின்னால வாழைன்னு. எனக்கு ஏழு சென்ட்டு, அதாவது 3,049 சதுர அடி. கட்டப்போறது வெறும் 1,400 சதுர அடி வீடுதான், அதுக்கும் இந்தத் திட்டத்துல எடமில்ல, ஏன்னா வீடு பெருசா இல்ல, நிலம் பெருசு. அஞ்சு சென்ட்டு வச்சிருக்க என் தம்பி 3,000 சதுர அடிக்கு மாடி வீடு கட்டினாலும் அவனுக்கு உடனே கெடைக்கும். இது எனக்கு நியாயமாப் படல, மரத்த விட்டு வச்சவனுக்குத்தான் அலைச்சல்.

பிளான் வரைய வந்தவரு ஒரு வழி சொன்னாரு, "அண்ணே அஞ்சரை சென்ட்டு மட்டும் காட்டிப் போட்டுரலாம், யாரு வந்து அளக்கப் போறா"ன்னு. வேண்டாம்னுட்டேன். செல்ஃப் சர்டிபிகேட்டுன்னா நீங்க சொன்னது உண்மைன்னு நீங்களே கையெழுத்துப் போடுறது. பொய்னு தெரிஞ்சா அனுமதி ரத்தாகும், அப்ப பொறுப்பு பிளான் வரைஞ்சவருக்கு இல்ல, உங்களுக்கு. பேங்க் லோனும் அந்தப் பேப்பர வச்சுத்தான் வாங்கியிருப்பீங்க. தயவுசெஞ்சு யாரும் இந்த வேலைக்குப் போகாதீங்க.

சாதாரண அப்ளிகேஷனும் அதே போர்ட்டல்லதான், பதிவு பெற்ற இன்ஜினியர் வழியா போடுறது. கிராமப் பஞ்சாயத்தா, பேரூராட்சியா, நகராட்சியா, நாகர்கோவில் மாநகராட்சியாங்கிறதப் பொறுத்து அங்க போகும், கட்டணமும் அதப் பொறுத்து மாறும், அதனால ரெண்டு வழிக்கும் உங்க உள்ளாட்சி ரேட்ட வச்சு தனித்தனியா கணக்குப் போட்டுப் பாருங்க. நாள் எடுக்கும், எனக்கு ரெண்டு தடவ பேப்பர் குறைவுன்னு திரும்பி வந்துச்சு, அதுல ஒரு தடவ எங்க பட்டாவுலதான் தப்பு. ஆனா அந்தத் தப்பு இந்த வழியில போனதாலதான் வெளிய வந்துச்சு. அப்பா காலத்துல வாய்ப்பேச்சா பங்கு பிரிச்சது, வேலி போட்டு இருவது வருசமாச்சு, ஆனா பட்டா இன்னும் அப்பாவும் ரெண்டு சித்தப்பாவும் சேந்த கூட்டுப் பட்டாவாவே கெடந்தது. புலப்படத்துல, அதாவது சர்வே வரைபடத்துல, உட்பிரிவே இல்ல. இந்த நெலமையில ஆன்லைன்ல உடனே அனுமதி எடுத்து பேஸ்மட்டம் போட்டுருந்தா, நாளைக்கு சித்தப்பா பிள்ளைங்கள்ல ஒருத்தர் அளந்து பாக்கணும்னு சொன்னா என்ன செய்ய? சர்வேயர வச்சு அளந்து, உட்பிரிவு செஞ்சு, தனிப்பட்டா வாங்கின பிறகுதான் பிளான திரும்ப ஏத்தினோம். அந்த மாசங்கள் வீணாப் போச்சுன்னு அம்மா வருத்தப்பட்டாங்க, எனக்கு அப்படித் தோணல. உங்க சித்தப்பா பெரியப்பா கூட இன்னைக்கு எவ்வளவு ஒத்துமையா இருந்தாலும் இத மட்டும் முதல்ல முடிச்சிருங்க.

இன்னும் சில இடங்களுக்கு எந்த வழியில போட்டாலும் முதல்ல வேற வாசல் இருக்கு. கடற்கரை ஊர்கள்ல கடல் ஏத்தத்துல தண்ணி வந்து தொடுற கோட்டுலேந்து 500 மீட்டருக்குள்ளன்னா சிஆர்இசட்ங்கிற கடற்கரை ஒழுங்குமுறை விதி வரும். மலையோரம் தோவாளை, கல்குளம், விளவங்கோடு பக்கம் சில கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு. வயல்ல கட்டணும்னு நெனச்சா நஞ்சைக்கு கலெக்டர் சம்மதம் வேணும், நாஞ்சில் நாட்டுல மிச்சம் கெடக்குற வயலப் பாத்தா அந்த விதி இன்னும் இறுக்கமா இருந்தாலும் நான் சந்தோசப்படுவேன். இப்படிப்பட்ட இடம்னா கம்ப்யூட்டர்ல உடனே வந்த பேப்பர நம்பி கல்லு எறக்காதீங்க, ஆள் வந்து பாத்து குடுக்குற அனுமதிதான் உங்களுக்கு காவல்.

மூணாவது வழின்னு பலபேர் செய்யுறது, அனுமதி எடுக்காமலே கட்டிட்டு பின்னால சரிபண்ணிக்கலாம்ங்கிறது. இதப்பத்தி ரொம்பப் பேச வேண்டியதில்ல. 1971ம் வருச நகர் ஊரமைப்புச் சட்டத்துல 113-சின்னு வரன்முறை பண்ணுற பிரிவு இருக்கு, ஆனா அது 2007 ஜூலை 1க்கு முன்னால கட்டினதுக்கு. இன்னைக்கு கட்டுற வீட்டுக்கு அது ஒதவாது, 56, 57 பிரிவுல நோட்டீசும் வேலைய நிறுத்துறதும்தான் வரும். லோனும் கெடைக்காது.

பாறசாலைக்கு அங்க இருக்க சொந்தக்காரங்க கேரளாவுல எளுப்பம், அதாவது சுலபம்னு சொல்லுவாங்க. அங்கயும் செல்ஃப் சர்டிபிகேட் உண்டு, ஆனா அங்க எல்லை கட்டடத்துக்கு, 300 சதுர மீட்டர் வரைக்கும். விளைக்குள்ள வீடு கட்டுறவங்களுக்கு அந்தக் கணக்குதான் சரி, நம்ம அரசும் குமரி மாதிரி மாவட்டத்துக்கு நிலத்தோட அளவ விட்டுட்டு வீட்டோட அளவ மட்டும் பாத்தா எவ்வளவோ பேருக்கு ஒதவும்.

என் முடிவு இதான். 2,500 சதுர அடிக்குள்ள, தனிப்பட்டா, வயல் இல்லாத கரைக்காணி நிலம், கடலும் மலையும் பக்கத்துல இல்லன்னா யோசிக்காம செல்ஃப் சர்டிபிகேட் போடுங்க, தம்பிக்கு நானே அதத்தான் சொன்னேன். இதுல ஒண்ணு இடிச்சாலும் சாதாரண அப்ளிகேஷன்.

வீட்டுச் சில்லறை வேலையும் தோட்டத்து வேலையும் சொல்லாம விட்டுட்டேனே. பெயிண்டு, பூச்சு, தரை மாத்துறது, செடி வைக்கிறது, பழைய ஓட்ட மாத்தி அதே ஒயரத்துல புது ஓடு போடுறது இதுக்கெல்லாம் பிளான் வேண்டாம். ஆனா தேங்காயும் ரப்பர் ஷீட்டும் போட காங்கிரீட் தூண் வச்சு ஷெட்டு போடுறதா இருந்தா அத இப்பவே பிளான்ல சேத்துருங்க, கார் ஷெட்டும் அப்படித்தான். மழைநீர் சேகரிப்பு 2003லேந்தே கட்டாயம், ரெண்டு பருவமழையும் பெய்யுற ஊரு நம்மளுது, குழி எங்கன்னு பிளான்லயே குறிச்சிருங்க. நாங்க அத பழைய கெணத்துப் பக்கமா வச்சிருக்கோம், பலா மரத்துக்கு கேடு வராத மாதிரி.