துணி அலமாரியை ஒழுங்குபடுத்திய பிறகு: நீண்ட நாள் பயன்பாட்டில் எது நின்றது?

அலமாரியைச் சுத்தம் செய்த அன்றைக்கு எந்த முறையும் நன்றாகத்தான் தெரியும். அது நிஜமாகவே நல்ல முறையா என்பது ஏழெட்டு மாதம் கழித்து, அசந்துபோய் வீடு திரும்பும் ஒரு ராத்திரியில்தான் புரியும். துவைத்து வந்த துணியை அதனதன் இடத்தில் வைக்க அப்போதும் கை போகிறதா, இல்லை கட்டிலிலேயே குவிந்து கிடக்கிறதா? சில வருடங்களாக ஒரே அலமாரியில் பலவற்றைப் பழகிப் பார்த்ததில், நான் எதையும் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன். எடுப்பதைவிடத் திருப்பி வைப்பது சுலபமாக இருக்க வேண்டும்.

முதலில் வேண்டாத துணியைக் கழிப்பது. இதில் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது ஹேங்கரைத் திருப்பி மாட்டும் பழக்கம். எல்லா ஹேங்கர்களையும் கொக்கியின் வாய் நம்மைப் பார்க்கும்படி மாட்டிவிட வேண்டும். ஓர் உடையைப் போட்டு, துவைத்து, திரும்ப மாட்டும்போது வழக்கம்போல வாய் உள்பக்கம் பார்க்க மாட்ட வேண்டும். ஒரு வருடம் போனால் எதை நாம் தொடவே இல்லை என்பதைக் கம்பியே காட்டிவிடும். ஆறு மாதம் போதும் என்பவர்களும் உண்டு. ஆனால் வெயில், மழை, குளிர் எல்லாம் ஒரு சுற்று வந்து முடிந்தால்தானே ஒரு ஸ்வெட்டரைப் பற்றியோ மழைக்கோட்டைப் பற்றியோ நியாயமாக முடிவெடுக்க முடியும்? விசேஷத்துக்கு மட்டும் போடுபவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காமல் ஓரமாக மாட்டிவிடுங்கள்.

போடாமல் பத்திரமாக வைத்தால் துணி புதுசாகவே இருக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. இருக்காது. இடுப்பு எலாஸ்டிக் உள்ளே சும்மா இருந்தே தளர்ந்துபோகும். வருடங்கள் கழித்து இழுத்தால் நறநறவென்று சத்தம் கேட்கும், திரும்பச் சுருங்காது. தோல் மாதிரித் தெரியும் பாலியூரிதேன் ஜாக்கெட்டின் மேல்பூச்சைக் காற்றிலுள்ள ஈரப்பதமே சிதைக்கும். தோள்பட்டையில் விரலை வைத்தால் செதில் செதிலாக உரிந்து வரும். ஒரே மடிப்பில் வருடக்கணக்காகக் கிடக்கும் பட்டுத்துணி அந்தக் கோட்டிலேயே இற்றுவிடும். அதனால்தான் போடாத துணியை, இன்னொருவருக்கு உபயோகப்படும் நிலையில் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

அடுக்கும் முறைக்கு வருவோம். டி-ஷர்ட்டை நீளவாக்கில் மூன்றாக மடித்து, சின்னதாக்கி, புத்தகம்போல நிறுத்தி வைப்பது டிராயருக்கு அருமையான முறை. எல்லாம் ஒரே பார்வையில் தெரியும், ஒன்றை உருவினால் மற்றது கலையாது. ஆழமான தட்டில் மட்டும் அது நிற்காது. முன்வரிசை சரிந்து விழும், பின்வரிசை கண்ணிலேயே படாது. தட்டில்தான் வைத்தாக வேண்டும் என்றால், மூடியில்லாத பெட்டிக்குள் நிறுத்தி, பெட்டியோடு வெளியே இழுத்து எடுப்பது நல்லது. மூடி போட்ட பெட்டிகளை நான் விட்டுவிட்டேன். மூடியைத் திறக்கும் அந்த ஒரு வேலைக்காகவே துணி வெளியே தங்கிவிடுகிறது.

நாற்காலிமேல் சேரும் குவியலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அங்கே கிடப்பதெல்லாம் பெரும்பாலும் ஒரு தடவை போட்ட ஜீன்ஸும் மேல்சட்டையும்தான். துவைக்க அவசியமில்லை, சுத்தமான துணியோடு சேர்க்கவும் மனசில்லை. ஒழுங்குபடுத்தும் திட்டத்தில் இதற்கு இடமே கொடுக்காவிட்டால் நாற்காலிதான் இடம் கொடுக்கும். கதவின் உள்பக்கம் நாலைந்து கொக்கி அடித்தேன். கொக்கி நிறைந்தால் பழையது துவைக்கப் போக வேண்டும், அவ்வளவுதான். செலவு சொற்பம், பலன் மிகப் பெரியது.

வெல்வெட் ஹேங்கர்கள் மெலிசானவை, கழுத்து அகன்ற உடைகூட நழுவாது. ஆனால் ஈரத்துணியை அதில் போடக் கூடாது, சாயம் ஒட்டலாம். பின்னலாடைகளை எந்த ஹேங்கரிலும் தொங்கவிடாதீர்கள். தன் எடையிலேயே நீண்டு, தோளில் மேடு விழும். மடித்தே வையுங்கள்.

அப்புறம் அந்துருண்டை. அது நான் பயன்படுத்துவதில்லை. அதிலுள்ள நாஃப்தலீனின் ஆவி அடைபட்ட பெட்டிக்குள் நிறைந்து நின்றால்தான் புழுவைக் கொல்லும்; தினமும் திறந்து மூடும் அலமாரியில் அது நம் மூக்குக்குத்தான் வரும். ஜி6பிடி என்ற, ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அது ரத்த அணுக்களையே உடைக்கக்கூடியது. துணியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. அதற்குப் பிரியமானது கம்பளியும் பட்டும், அதிலும் வியர்வையோ உணவுக்கறையோ படிந்த இடம். ஆகவே துவைத்து, நன்றாக உலரவிட்டு வைப்பதுதான் முதல் பாதுகாப்பு. கம்பளியில் சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும்.

டிரை கிளீனிங்கிலிருந்து வரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள், உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். தூசிக்கு ஒரு பழைய பருத்தித் தலையணை உறை போதும்: அடிப்பக்கம் நடுவில் சின்ன ஓட்டை போட்டு, கவிழ்த்து, ஹேங்கர் கொக்கியை அதன் வழியே எடுத்து மாட்டிவிடலாம்.