கொட்டகையில் நிற்கும் எம்ஜியை யாரிடம் கொடுப்பது?

எம்ஜி டிடி, டிரையம்ஃப் டிஆர்2, எம்ஜிஏ மாதிரி இரண்டு பேர் உட்காரும் பழைய பிரிட்டிஷ் திறந்த கார் ஒன்று, பெயின்ட்கூட மாற்றாமல் செட்டிநாட்டு வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்க ஐந்து வழி உண்டு: நேராகச் சேகரிப்பாளரிடம், தரகர் மூலம், ஏலத்தில், ஊரிலேயே பாரம்பரிய விடுதி நடத்துபவரிடம், அல்லது கப்பலேற்றி வெளிநாட்டுக்கு. ஆறாவதாக, "முதலில் ரெடி பண்ணிடுவோம், அப்புறம் விற்கலாம்" என்று ஒரு யோசனை எல்லா வீட்டிலும் கிளம்பும். அதை இப்போதே தள்ளிவிடலாம்.

காரணம் எளிது. 1949 கடைசி முதல் 1953 வரை டிடி ஏறத்தாழ 30,000 தயாரானது. பளபளவென்று புதுப்பித்த டிடி உலகச் சந்தையில் எப்போதும் கிடைக்கும். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், அங்கே தைத்த சீட், அங்கே இழுத்த ஒயரிங்கோடு கிடைப்பதுதான் அபூர்வம். பெயின்ட், குரோம், தோல், உள்ளே இருக்கும் ஆஷ் மரச்சட்டம் எல்லாம் மாற்றிச் செலவழித்தால், போட்ட பணம் திரும்புவதே பெரும்பாலும் சந்தேகம். சட்டமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது: 2021-ல் வந்த வின்டேஜ் வாகன விதிப்படி, வின்டேஜாகப் பதிய 50 வருடம் தாண்டிய கார், சேஸி, பாடி, இன்ஜின் மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும்.

"தொடாதே" என்றால் அழுக்கோடு விற்பது என்று பொருளில்லை. மென்மையான பிரஷ், காற்று, கொஞ்சம் ஈரத்துணி போதும். ரப்பிங் காம்பவுண்டு வேண்டாம். தோல் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தை இங்கே நிறுத்துங்கள். பூஞ்சையும் எலியும் சேரும், தையல் கறுக்கும். நம் பக்கத்து வறண்ட காற்று தகரத்தைக் காப்பாற்றும், ரப்பரையும் மரத்தையும் காப்பாற்றாது. டிடியின் தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம் இருப்பதால் கரையான் சோதனைதான் முதல் வேலை. கதவைத் திறந்து கீல் பக்கம் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆடினால் சட்டம் போயிருக்கிறது. அதை மறைக்க வேண்டாம், படமெடுத்து வாங்குபவரிடம் காட்டுங்கள்.

ஓட்டிக் காட்ட ஆசைப்பட்டு சுவிட்சைத் திருப்புவதுதான் அதிகம் செலவு வைக்கும் தவறு. பல வருடம் நின்ற இன்ஜினில் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் கையில் மெல்லச் சுற்ற வேண்டும். இறுகினால் அழுத்தக் கூடாது. டிடியின் மின்சாரம் 12 வோல்ட், பாசிட்டிவ் எர்த். இன்றைய வழக்கப்படி நெகட்டிவை பாடியில் மாட்டினால் டைனமோவும் அம்மீட்டரும் குழம்பும். 1,250 சிசி எக்ஸ்பிஏஜி இன்ஜினில் இன்னொரு பொறி: மரை மெட்ரிக், போல்ட் தலையோ விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. கோவெண்ட்ரியில் அந்த இன்ஜின் செய்த தொழிற்சாலை ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களுடையது, அந்த மிச்சம்தான் இது. மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் தலை வழுக்கிவிடும், மூல போல்ட் போனால் மதிப்பும் போகும். பெட்ரோலும் கவனம்: பழைய எரிபொருளை டேங்கிலிருந்து வடிக்காமல் புதிதை ஊற்றினால் பிசின் முழுக்க எஸ்யூ கார்புரேட்டர்களில் போய் அடைக்கும். இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் டயாஃப்ரத்தையும் தின்னும். பிரேக் வீல் சிலிண்டர்கள் பெரும்பாலும் இறுகிப் பிடித்திருக்கும். ஆகவே, சோதனைக்காகச் சாலையில் இறக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை காரைக்குடிக்காரர்களுக்கு மட்டும். முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் பழைய சாமான் வாங்க வருபவர்கள் விளக்கு, ஹாரன், பேட்ஜுக்குத் தனியாக நல்ல விலை சொல்வார்கள். ஒரு லூகாஸ் ஹெட்லைட் விற்ற பணம் இனிக்கும். அது இல்லாத காருக்கு விழும் வெட்டு அதைவிடப் பெரிது.

இனி காகிதம். கார் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஆர்.சி. ஐயா பெயரிலேயே நின்றால் எந்த வழியும் திறக்காது. உரிமையாளர் காலமாகியிருந்தால் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு படிவம் 31 கொடுத்து ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். சிவகங்கை 1985-ல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய ஆர்.சி.யில் ராமநாதபுரம் இருப்பது இயல்பு, அதைக் குறையாகச் சொல்லி விலை குறைப்பவரிடம் பணிய வேண்டாம். ஆர்.சி.யில் உள்ள சேஸி, இன்ஜின் எண்களை டிடி என்றால் சேஸியின் முன் இடது நுனியிலும் இன்ஜினின் எட்டுக்கோணப் பித்தளைத் தகட்டிலும் சரிபாருங்கள். ஒரு இலக்கம் தவறியிருந்தாலும் விற்பதற்கு முன் திருத்துங்கள். பதிவு காலாவதியாகியிருந்தால் வின்டேஜ் பிரிவில் பதியலாம்: புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே எண் உள்ள கார் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், அந்தப் பழைய எண்ணும் காரின் சொத்துதான். ஆனால் வின்டேஜ் பதிவுக்குப் பிறகு அன்றாட ஓட்டத்துக்கோ வணிகத்துக்கோ அனுமதியில்லை. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது ஆகியவற்றுக்கு மட்டும்.

இந்தக் கடைசி விதி விடுதி வழியை நேரடியாகத் தொடுகிறது. கானாடுகாத்தான் பக்கம் பாரம்பரிய விடுதிக்காரர் பணத்தை உடனே தருவார், ஊரை விட்டுக் கார் போகாது, பார்க்க வேண்டுமென்றால் எப்போதும் போய்ப் பார்க்கலாம். இதற்கு மேல் இந்த வழியில் ஒன்றுமில்லை. விருந்தினரை ஏற்றி ஓட்ட அவருக்கு உரிமை கிடையாது. முகப்பில் வெயிலில் நிறுத்திப் படமெடுக்கும் பொருளாகவே வாங்குகிறார், அதற்கான விலையே தருவார். சில மாதத்தில் புதுப் பெயின்டும் அடிப்பார். இன்ஜின் காணாமல் போன, அரைகுறைக் காருக்கு இது நல்ல வழி. முழுமையான, மூல நிலைக் காருக்கு இது நஷ்டம்.

தரகரை இரண்டு வகையாகப் பிரியுங்கள். சதவீதக் கமிஷனுக்கு வேலை செய்பவர் ஒருவகை. "உங்களுக்குக் கையில் இவ்வளவு, மேலே என் சாமர்த்தியம்" என்பவர் மறுவகை. இரண்டாமவரிடம் விலையின் மேல்பாதி யார் பைக்கும் போகலாம். முதலாமவரிடமும் காலக்கெடு, குறைந்தபட்ச விலை, யார் எடுத்துச் செல்வது என்று எழுதி வாங்கிய பிறகே சாவி. வாங்கி விற்கும் டீலராக இருந்தால் அவருடைய லாபத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதையும் உங்கள் விலையிலிருந்துதான் கழிப்பார். கையெழுத்து மட்டும் போட்ட வெற்று உரிமை மாற்றப் படிவங்கள் 29, 30 எந்தத் தரகர் கையிலும் இருக்கக் கூடாது.

சேகரிப்பாளரிடம் நேராகக் கொடுப்பது மூல நிலைக் காருக்கு எங்கள் முதல் தேர்வு. சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் வட்டம், கோவையில் பழைய கார் ரசிகர்கள், பெங்களூரு, மும்பை என்று தேடினால், தூசியைப் பார்த்ததும் மகிழும் ஆள் கிடைப்பார். அவர் பெயின்ட் அளவுமானி கொண்டு வருவார். ஒரே பேனலில் 300 மைக்ரானுக்கு மேல் காட்டினால் அடியில் புட்டி பூசியிருக்கிறது என்று நினைப்பார். முன்கூட்டி நீங்களே அளந்து ஒவ்வொரு பேனலுக்கும் எழுதிக் கொடுத்தால் பேரம் பாதியாகக் குறையும். சேஸி எண், தகடுகள், அடிப்பக்கம், ஒயரிங், துருப் பிடித்த இடம் எல்லாவற்றுக்கும் தெளிந்த படம் வேண்டும். நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். ஒருவரிடமிருந்து ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். முழுத் தொகையும் வங்கி வழியே வரட்டும்.

ஏலம் எப்போது மேல்? பங்காளிகள் நாலைந்து பேர் இருந்து, "நீ குறைத்து விற்றாய்" என்ற பேச்சு பின்னால் எழும் என்று தெரிந்தால். விலை எல்லோர் கண் முன்னே விழுகிறது, யாரும் சந்தேகப்பட முடியாது. மும்பையில் அஸ்தகுரு போன்ற ஏல நிறுவனங்கள் பழைய கார்களை இணையத்திலேயே ஏலமிடுகின்றன. குறை இரண்டு. விற்பவர் கமிஷனும் வாங்குபவர் பிரீமியமும் சேர்ந்து விலையில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளும். இருப்பு விலையை, அதாவது இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று வைக்கும் விலையை, ஆசையில் உயர்த்தி வைத்துக் கார் விலைபோகாமல் திரும்பினால் அந்தக் காருக்கே ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும், அடுத்த வருடம் அதே விலை கேட்க முடியாது. காகிதம் முழுமையாக இல்லாமல் ஏலத்துக்குப் போகவே கூடாது.

வெளிநாடு, வலது ஸ்டியரிங் காருக்குக் கவனிக்கத்தக்கது. டிடியில் பெரும்பகுதி இடது ஸ்டியரிங்கோடு அமெரிக்காவுக்குப் போனதால், இங்கே நிற்பதற்கு பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கேட்பவர் உண்டு. பிரிட்டனில் 30 வயதைத் தாண்டி மூல நிலையில் இருக்கும் வரலாற்று வாகனத்துக்குச் சுங்கமில்லை, வாட் 5 சதவீதம்தான். ஆஸ்திரேலியாவில் ஆஸ்பெஸ்டாஸ் தடை கடுமை: பழைய பிரேக் லைனிங், கிளட்ச், கேஸ்கெட்டை மாற்றாமல் அனுப்பினால் துறைமுகத்தில் பரிசோதனைச் செலவே தலையில் விழும், மாற்றினால் கொஞ்சம் மூலநிலை போகும். 1950 ஜனவரி 1-க்கு முன் தயாரான காருக்கு இந்தியாவிலிருந்து ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும். டிடிக்கு முந்தைய டிசி எல்லாம் அதில் அடங்கும், டிடியின் முதல் கார்களும். ஆகவே தயாரிப்புத் தேதிச் சான்று அவசியம். எம்ஜிஏ போன்ற பின்வந்த கார்களுக்கு கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் ஆவணச் சான்றிதழ் தருகிறது. ஏற்றுமதி செய்பவருக்கான ஐ.இ.சி. எண், சுங்கத் தரகர், வெப்பச் சிகிச்சை செய்த மரத்தில் கட்டு, எல்லாம் சேர்த்தால் தெளிவான விலை வித்தியாசம் இருந்தால் மட்டும் இறங்கலாம். டிடி 3.7 மீட்டர் நீளம்தான், 20 அடி கண்டெய்னரில் தாராளமாக நுழையும்.

எந்த வழியிலும் கடைசிப் படி ஒன்றுதான். படிவம் 29 கையெழுத்திட்டு ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பிய சான்றை வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறாமல் கார் விபத்தில் சிக்கினால், பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரை நாலு சக்கரத்திலும் பட்டை போட்டு, சமதள லாரியில் ஏற்றுங்கள். சேஸியில் சங்கிலி மாட்டவிடாதீர்கள். ஸ்டார்ட்டிங் ஹேண்டில், சைடு ஸ்கிரீன், ஜாக்கி, டூல் பை, பழைய இன்ஷூரன்ஸ், பில்கள், மாற்றுச் சாவி எல்லாவற்றையும் பட்டியலிட்டு இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். அலமாரியில் கிடக்கும் அந்த ஹேண்டிலை மறந்து விட்டால், லாரி திருச்சி தாண்டிய பிறகு போன் வரும்.