மூண்டு வருசம் ஓடின சோதனைப் பெட்டி: சிகுரூப் மவுண்ட் தந்த கரைச்சல்

போன கிழமை கொக்குவில் சிநேகிதன் ஒருத்தன் கேட்டான்: "மச்சான், உங்கட ஒபிஸில ஓடுற மாதிரி கேர்னல் சோதனைப் பெட்டி ஒண்டு நாங்களும் போடப் போறம். நல்லதோ?" போனில ஒரு வரியில சொல்லேலாமல் போச்சு.

பெட்டி ஒரு பழைய டெஸ்க்டொப்தான். திருநெல்வேலியில எங்கட ஒபிஸ் மூலையில நிண்டு, ஒவ்வொரு இரவும் லினக்ஸ் கேர்னலை (இயங்குதளத்தின்ர மையப் பகுதி) பில்ட் பண்ணி, எல்டிபி (கேர்னலைச் சோதிக்கிற ஒரு சோதனைத் தொகுப்பு) சோதனை முழுக்க ஓட்டி, விடிய மெயில் போடும். மாரியில கரண்ட் போய்ப் போய் வந்தாலும் தானா எழும்பி ஓடியிருக்கு. எங்கட ட்ரைவர் ஒண்டு மெமரியை விடாமல் பிடிச்சு வைச்சிருந்ததைக் காட்டித் தந்ததும் இதுதான். அந்த நன்றி எனக்கு எப்பவும் இருக்கு.

ஆனா சிகுரூப் மவுண்ட் என்னைப் படுத்தின பாடு! சிகுரூப் எண்டது ப்ரொசெஸ்களைக் குழுவாக்கி, மெமரி, சிபியு எவ்வளவு பாவிக்கலாம் எண்டு வரம்பு போடுற கேர்னல் வசதி. அதைப் பாவிக்க முதல் ஒரு ஃபோல்டர் மரமா இணைக்கவேணும், அதுதான் மவுண்ட்.

வாடிக்கையாளரின்ர சாதனத்தில ஓடுறது டெபியன் 10 (லினக்ஸ் வகை ஒண்டு), கேர்னல் 4.19. அதில மற்றச் சேவைகளைத் தொடக்கிவிடுற சிஸ்டம்டி, பூட் ஆகேக்கயே சிகுரூப்பின்ர பழைய பதிப்பான வி1ஐ மவுண்ட் பண்ணிப்போடும். சிபியுவையும் சிபியுஅக்டையும் (சிபியு பாவனையைக் கணக்கெடுக்கிறது) சோடியாக் கட்டித்தான். வி1இல ஒரு கொன்ட்ரோலர் (சிபியு, மெமரி மாதிரி ஒரு வளத்தைப் பாக்கிற பகுதி) ஒரு ஹைரார்க்கியில (குரூப் மரத்தில) மட்டுந்தான் இருக்கலாம். எங்கட ஸ்க்ரிப்ட் சிபியுவைத் தனியக் கேட்டால் ஈபிஸி (ஏற்கெனவே பாவனையில இருக்கு) எண்டு கேர்னல் திருப்பி அனுப்பும். சரி, சோடியாவே கேட்டு அதைத் தீர்த்தம்.

சிஸ்டம்டி இல்லாத சின்ன வேர்ச்சுவல் மெசினிலதான் பெரிய அடி. மெமரியையும் சிபியுசெட்டையும் (எந்தச் சிபியுவில ஓடலாம் எண்டு சொல்லுற கொன்ட்ரோலர்) சேர்த்து மவுண்ட் பண்ணின சோதனை ஒண்டு நேரம் முடிஞ்சு இடையில கொல்லப்பட்டுது. அதின்ர பிள்ளை குரூப் அழியேல்லை. அன்மவுண்ட் பிழை இல்லாமல் முடிஞ்சுது. மவுண்ட் பட்டியலிலயும் ஒண்டுமில்லை. ஆனா அடுத்த சோதனை மெமரியைத் தனியக் கேக்க, ஈபிஸி. எந்தக் கொன்ட்ரோலர் எந்த ஹைரார்க்கியில எண்டு காட்டுற ப்ரொக் சிகுரூப்ஸ் கோப்பைத் திறந்து பாத்தன்: மெமரி வரியில ஹைரார்க்கி எண் 0 (எந்த வி1 ஹைரார்க்கியிலயும் இல்லை) ஆகியிருக்கவேணும், 2 எண்டு நிக்குது. பிள்ளை குரூப் மிஞ்சிக் கிடந்தால் அன்மவுண்ட் பண்ணினாலும் ஹைரார்க்கி சாகாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். முந்தின மாதிரியே சோடியா மவுண்ட் பண்ணி, ப்ரொசெஸ்களை வேருக்கு நகர்த்தி, பிள்ளையை ஆர்எம்டிர் கட்டளையால அழிச்சால்தான் விடும்.

சோதனை விழுந்திருந்தால் அண்டைக்கே பிடிச்சிருப்பம். மவுண்ட் முடியாட்டி எங்கட ஸ்க்ரிப்ட் 32 எண்டு வெளியேறும். எல்டிபி கணக்கில அது டிகொன்ஃப், "இந்த மெசினுக்குப் பொருந்தாது". விழுந்ததா எண்ணாது, தாண்டினதாத்தான் எண்ணும். மெயிலில "விழுந்தது 0" எண்டு பச்சையாத்தான் வரும். இப்பிடி 19 இரவு மெமரி வரம்புச் சோதனை ஓடவேயில்லை. அந்த இடைவெளியில ஒரு பிழையான மாற்றம் வாடிக்கையாளரிட்டப் போட்டுது. பச்சையைப் பாத்து நம்பித்தானே அனுப்பினம்! அந்தக் கோவம் இன்னும் ஆறேல்லை.

நியாயமாச் சொன்னால் இது எல்டிபியின்ர குற்றமில்லை. அதின்ர புது நூலகம் ஏற்கெனவே மவுண்ட் ஆன ஹைரார்க்கியைத் தேடி எடுத்துப் பாவிக்குது. 2016இல கேர்னல் 4.5ஓட முறையா வந்த வி2இல ஹைரார்க்கியே ஒண்டுதான், சோடிச் சண்டைக்கு இடமில்லை. டெபியன் 11 அதைத்தான் இயல்பாத் தருது.

எண்டாலும் மச்சான், வி1 சாதனம் கையில இருக்குமட்டும் போடாத. இவ்வளவு நல்லது சொன்ன நான்தான் சொல்லுறன், வேண்டாம். இண்டைக்கு விடிய வந்த மெயிலில "தாண்டினது 4". அந்த நாலையும் ஒவ்வொண்டாத் திறந்து பாத்த பிறகுதான் தேத்தண்ணி குடிச்சன்.